எடுத்தோம், என்ன கொடுத்தோம்?

(கட்டற்ற நூலக மென்பொருள் பயனர் மாநாட்டின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



'கோஹா' என்னும் கட்டற்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கே கூடியிருக்கிறோம். "சாஃப்ட்வேருக்கு எதற்கு ஐயா மாநாடு? நிறுவினோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்க வேண்டியதுதானே?" என்று வெளியே கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

விலைக்கு வாங்கும் மென்பொருளுக்கும் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே விற்றவர் மேடையில் இருப்பார், வாங்கியவர் நாற்காலியில் இருப்பார். அடுத்த ஆண்டு என்ன வரப்போகிறது என்று அவர் திரையில் காட்டுவார், நாம் கைதட்டுவோம். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். போகும்போது ஒரு பையும் பேனாவும் கிடைக்கும். கோஹாவுக்கு விற்றவர் என்று ஒருவர் கிடையாது. அப்படியானால் நம் மாநாட்டில் மேடையில் இருக்க வேண்டியவர் யார்? நாற்காலியில் இருப்பவர் யார்? அவருக்கு என்ன வேலை? இந்த மூன்று கேள்விகளோடு தொடங்குவோம்.

முதலில், இது எங்கே பிறந்தது என்று பார்ப்போம்.

1999ஆம் ஆண்டு. நியூசிலாந்தில், வெலிங்டனுக்கு வடக்கே ஹோரோஃபெனுவா என்று ஒரு மாவட்டம். அதன் பெரிய ஊர் லெவின். பெரிய ஊர் என்றால் நம் கணக்கில் சிறிய ஊர்தான். அங்கே பொது நூலகத்தை அப்போது ஓர் அறக்கட்டளை நடத்திவந்தது. அதன் தலைமை நூலகர் ரோசலி பிளேக். அவர்களிடம் இருந்த பழைய கணினி அமைப்பு 2000 பிறந்தால் வேலை செய்யாது என்று தெரிந்துவிட்டது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த அந்தக் காலத்து நிரல்களின் கோளாறு அது. நூலகத்தில் தேதி குழம்பினால் என்ன மிஞ்சும்? கொடுத்த தேதி, திரும்ப வரவேண்டிய தேதி, தாமதக் கட்டணம், முன்பதிவு வரிசை எல்லாமே தேதியை நம்பித்தானே நடக்கின்றன!

சந்தையில் விசாரித்தார்கள். கிடைத்தவை பெரிய நூலகங்களுக்காகச் செய்யப்பட்டவை, விலையும் பெரியது. இவர்களுடைய கிளைகளோ தலைமை நூலகத்தோடு மெதுவான தொலைபேசி இணைப்பில் பேசிக்கொண்டிருந்தவை. கடையில் தொங்கிய சட்டை எதுவும் இந்த உடம்புக்குப் பொருந்தவில்லை. அப்போது வெலிங்டனில் இருந்த கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறு நிறுவனம், "நாங்களே எழுதித் தருகிறோம்" என்றது. நிரலை எழுதியவர்களில் முதன்மையானவர் கிறிஸ் கார்மக். சில மாதங்களே கையில் இருந்தன. 2000 ஜனவரியில், விடுமுறை முடிந்து நூலகம் திறந்தபோது, புதிய அமைப்பு ஓடியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இன்று கூடியிருக்க மாட்டோம். ஒரு நூலகம் தன் தேவைக்கு ஒன்றைச் செய்துகொண்டது, அவ்வளவுதான் என்று போயிருக்கும். அவர்கள் அடுத்து ஒன்று செய்தார்கள். எழுதிய நிரலை ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

ஏன் திறந்தார்கள்? தாராள மனத்தினால் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு சிறு நூலகமும் ஒரு சிறு நிறுவனமும் மட்டும் கையில் வைத்திருக்கும் மென்பொருள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? நிறுவனம் மூடினால்? எழுதியவர் வேறு வேலைக்குப் போனால்? வேறு பத்து நூலகங்களும் அதைப் பயன்படுத்தினால்தான் அதைக் காப்பாற்றப் பத்துக் கைகள் வரும் என்று கணக்குப் போட்டார்கள். கொடுத்தது தர்மத்துக்காக மட்டுமல்ல, தற்காப்புக்காகவும்தான். இதை மனத்தில் வையுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கணக்கைத்தான் சுற்றி வரும்.

அந்தக் கணக்கு பலித்ததா? பலித்தது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் நெல்சன்வில் பொது நூலகம். அவர்களுக்குக் கோஹா பிடித்திருந்தது. ஆனால் உலக நூலகங்கள் பட்டியலுக்குப் பயன்படுத்தும் 'மார்க்' என்ற பதிவு வடிவம் அப்போது அதில் இல்லை. "இது இல்லை, ஆகவே வேண்டாம்" என்று அவர்கள் ஒதுங்கவில்லை. "இது வேண்டும், செலவில் நாங்கள் பங்கெடுக்கிறோம்" என்று சொன்னார்கள். பிரான்சைச் சேர்ந்த போல் பூலேன் அந்த வேலையை முன்னின்று செய்தார். 2004இல் வந்த 2.0 பதிப்பில் மார்க் இருந்தது. நியூசிலாந்தில் பிறந்த நிரல், அமெரிக்க நூலகத்தின் தேவை, பிரெஞ்சுக்காரரின் உழைப்பு! இன்று நம் கல்லூரி நூலகத்தில் மார்க் பதிவின் 245ஆம் புலத்தில் தலைப்பைப் பதிகிறோமே, அந்த வசதியை நமக்காக யாரோ முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். நாம் அதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. ஒரு வரியும் எழுதவில்லை.

எடுத்தோம். என்ன கொடுத்தோம்?

நண்பர்களே, இடையில் ஒரு சோதனையும் வந்தது. கோஹாவுக்குச் சேவை செய்து வளர்ந்த ஓர் அமெரிக்க நிறுவனம், ஒரு கட்டத்தில் தன் வழியில் தனியாக நடக்கத் தொடங்கியது. பொது இணையதளமோ அதன் கையில் இருந்தது. உலகெங்கும் இருந்த பயனர்கள் என்ன செய்தார்கள்? 2010இல் புதிய முகவரியில் புதிய தளம் அமைத்துக்கொண்டு குடிபெயர்ந்தார்கள். பிறகு 2011இல், பிறந்த நாடான நியூசிலாந்திலேயே கோஹா என்ற பெயருக்கு வணிக முத்திரை உரிமை கோரும் விண்ணப்பம் ஏற்கப்படும் நிலை வந்தது. ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை எதிர்த்து நின்றது. வழக்குச் செலவுக்கு ஊர் பேர் தெரியாத நூலகர்கள் பல நாடுகளிலிருந்து பணம் அனுப்பினார்கள். இறுதியில் அந்த விண்ணப்பம் தோற்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உரிமம் நிரலைக் காக்கும். பெயரையும், தளத்தையும், நம்பிக்கையையும் காப்பதற்கு ஆட்கள் வேண்டும். ஆட்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் மாநாடு என்று பெயர்.

உலக அளவில் கோஹா மாநாடு எங்கெங்கே நடந்தது என்று பாருங்கள். 2006இல் பாரிஸ். 2010இல், பத்தாண்டு நிறைவை ஒட்டி, வெலிங்டன். 2011இல் நம் நாட்டில், மும்பைக்குப் பக்கத்திலுள்ள தாணே. 2012இல் எடின்பரோ. 2014இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா. 2015இல் நைஜீரியாவின் இபாடான். 2016இல் கிரீஸின் தெசலோனிக்கி. 2017இல் மணிலா. 2023இல் ஹெல்சிங்கி, 2024இல் மான்ட்ரியல். எந்த ஊரில் நடத்துவது என்று பயனர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இபாடானுக்கும் எடின்பரோவுக்கும் ஒரே தட்டு, ஒரே எடை.

அங்கே என்ன நடக்கிறது? வழக்கமாக மூன்று நாள் உரைகள். நடுவில் ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்ப்பது. பிறகு மூன்று நாள் 'ஹேக்ஃபெஸ்ட்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நிரல் எழுதுகிறவரும் நூலகரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்வது, அவ்வளவுதான். "தம்பி, இந்தப் பொத்தானை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அழுத்துகிறேன், ஒவ்வொரு தடவையும் திரையைக் கீழே தள்ளித் தேட வேண்டியிருக்கிறது" என்று நூலகர் சொன்னால், "அப்படியா அம்மா, எனக்குத் தெரியாதே!" என்று நிரலர் அங்கேயே மாற்றிப் பார்க்க முடியும். அந்த நிரலர் கவுண்டரில் நின்றதில்லை. அந்த அம்மா நிரல் எழுதியதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. நிரலைப் போலவே இந்த அறிவும் முக்கியம், இது நாற்காலியில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

சரி, மாநாடு முடிந்தபிறகு? ஒரு குறை எப்படித் தீர்கிறது? கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

குறையைக் கண்டவர் யாராக இருந்தாலும் 'பக்ஸில்லா' என்ற பொதுப் பதிவேட்டில் எழுதலாம். இதுவரை அதில் ஏறிய எண்கள் 30,000ஐத் தாண்டிவிட்டன. கோளாறும் உண்டு, புது வசதிக் கோரிக்கையும் உண்டு. ஒருவர் அதற்குத் திருத்தம் எழுதுவார். அவரே "சரியாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள முடியாது. வேறொருவர் ஓட்டிப் பார்த்துத் தன் பெயரோடு ஒப்புதல் கையெழுத்து இட வேண்டும். அதன்பின் தரச் சோதனைக் குழு பார்க்கும். அதற்கும் பின், பயனர் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதிப்பு மேலாளர் அதைச் சேர்ப்பார். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள், மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று. 24.05 என்றால் 2024 மே. பதிப்பு எண்ணே பிறந்த தேதியைச் சொல்லிவிடும்.

இந்தப் படிகளில் எந்தப் படியில் கூட்டம் தேங்குகிறது தெரியுமா? அந்த ஒப்புதல் கையெழுத்தில்! திருத்தங்கள் எழுதப்பட்டு, சோதித்துப் பார்க்க ஆளில்லாமல் வரிசையில் காத்திருக்கின்றன. அந்தக் கையெழுத்தை இட நிரல் தெரிய வேண்டுமா? வேண்டாம். சோதனைக்கென்றே 'சாண்ட்பாக்ஸ்' என்ற தளங்கள் இருக்கின்றன. உலாவியில் திறந்து, பிழை எண்ணைக் கொடுத்தால், அந்தத் திருத்தம் சேர்ந்த ஒரு கோஹா உங்கள் முன் வந்து நிற்கும். புத்தகம் கொடுத்துப் பாருங்கள், வாங்கிப் பாருங்கள், அபராதம் போட்டுப் பாருங்கள். சொன்னபடி நடந்தால் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். வெலிங்டனில் பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறைப் பயிற்சியிலேயே கோஹாவுக்குத் திருத்தம் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளால் முடிந்தது, பதினைந்து வருடம் கவுண்டரில் நின்ற நம்மால் முடியாதா?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ் நூலகரைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாத குறை என்று ஒன்று உண்டா? உண்டு. ஒன்றே ஒன்றைக் காட்டுகிறேன்.

'ஸ்ரீ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீமத் பாகவதம், ஸ்ரீ வைஷ்ணவம் என்று நம் அலமாரியில் எத்தனை தலைப்புகள்! இந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். சில விசைப்பலகைகள் 'ஸ' என்ற எழுத்திலிருந்து தொடங்கி அதை உண்டாக்கும். சில, 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்திலிருந்து தொடங்கி உண்டாக்கும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. கணினிக்கு இரண்டும் வேறு வேறு.

இப்போது நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு பணியாளர் ஒரு விசைப்பலகையில் ஐம்பது புத்தகம் பதிகிறார். பிற்பகலில் வேறொருவர் வேறொரு விசைப்பலகையில் ஐம்பது பதிகிறார். வாசகர் வந்து 'ஓபேக்' என்ற கணினிப் பட்டியலில் 'ஸ்ரீரங்கம்' என்று தட்டுகிறார். தேடல் அட்டவணை இரண்டையும் ஒன்றாகப் பாவிக்காவிட்டால் அவருக்குப் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி "இல்லை" என்று வரும். புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பதிவேட்டில் இருக்கிறது, பார்கோடும் ஒட்டியிருக்கிறது. வாசகரோ "இந்த நூலகத்தில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். குற்றம் யாருடையது?

இதை லெவினில் இருப்பவர் கண்டுபிடிப்பாரா? ஹெல்சிங்கியில் இருப்பவர் கண்டுபிடிப்பாரா? அவர்களுக்கு ஸ்ரீரங்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது! நாம்தான் சொல்ல வேண்டும். தீர்வு மலையைப் புரட்டுகிற வேலையும் இல்லை. தேடல் அட்டவணையைக் கட்டும் விதிக் கோப்பில் "இதையும் அதையும் ஒன்றாகக் கொள்" என்று ஒரு விதி சேர்த்து, அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும். கெட்டிக்கார நூலகர் ஒருவர் தன் கல்லூரி சர்வரில் இதைச் செய்துகொள்வார். அந்தக் கல்லூரிக்குத் தீர்ந்தது. பக்கத்துக் கல்லூரிக்கு? அடுத்த மாவட்டத்துக்கு? யாழ்ப்பாணத்தில், கோலாலம்பூரில் தமிழ்ப் புத்தகம் பதிகிறவருக்கு? அவரவர் தனித்தனியே அதே குழியில் விழுந்து, தனித்தனியே எழுந்து வர வேண்டுமா?

இப்படி இன்னும் எத்தனையோ. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பதிந்து, மாற்றும்போது கோணல் குறிகளாக நிற்கும் பழைய பதிவுகள். சொ. விருத்தாசலம் என்று தேடினால் புதுமைப்பித்தனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பெயர்க் கோப்புகள். முன்னெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற ஓயாத வழக்கு. இவற்றையெல்லாம் தேநீர் இடைவேளையில் நமக்குள் பேசித் தீர்க்கிறோம். பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

நம் பயிலரங்குகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் தேசியப் பயிலரங்கு. முதல் நாள் உபுண்டு நிறுவுவோம். இரண்டாம் நாள் கோஹா நிறுவுவோம். மாலையில் குழுப் படம் எடுப்போம், சான்றிதழ் கொடுப்போம். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது கோப்பில் வைப்போம். அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில் மறுபடி நிறுவுவோம்! எத்தனை தடவைதான் நிறுவுவது? ஒரு பிழையை எப்படி எழுதுவது என்று எந்தப் பயிலரங்கில் சொல்லித் தந்தோம்? ஒரு திருத்தத்தை எப்படிச் சோதிப்பது என்று எங்கே உட்கார்ந்து செய்து பார்த்தோம்?

நம் ஊர்க் கண்மாய்களுக்குக் குடிமராமத்து என்று ஒரு முறை இருந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வரத்துக் கால்வாயை வெட்டுவார்கள், கரையை உயர்த்துவார்கள், மடையைச் சரிபார்ப்பார்கள். தண்ணீர் பாய்ச்சுகிறவன் எவனோ அவனே மராமத்துக்கும் பொறுப்பு. "அது அரசாங்க வேலை, பொதுப்பணித்துறை பார்த்துக்கொள்ளும்" என்று எப்போது கைகழுவினோமோ, அப்போதே மண் மேடிடத் தொடங்கியது. கோஹாவும் பொதுக் கண்மாய்தான். "அது வெளிநாட்டுக்காரர் வேலை" என்று நாம் இருந்தால் தண்ணீர் அவர்கள் வயலுக்குத் தோதாகத்தான் திரும்பும். அவர்கள்மேல் கோபித்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

உங்கள் மனத்தில் எழும் மறுப்பு எனக்குக் கேட்கிறது. "ஐயா, நான் ஓராள் நூலகம் நடத்துகிறேன். எனக்கு நேரம் எங்கே?" உண்மை. அதற்கு நாமும் ஒரு காரணம். நிர்வாகத்திடம் கோஹாவை அறிமுகப்படுத்தும்போது என்ன சொன்னோம்? "இலவசம் சார்" என்று சொன்னோம். இலவசம் என்றதும் அவர்கள் சர்வருக்குப் பணம் ஒதுக்கவில்லை, காப்புநகலுக்கு ஆள் தரவில்லை, பயிற்சிக்கு விடுப்பும் தரவில்லை. உரிமக் கட்டணம் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்குக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. இனிக் கேட்போம்.

"எனக்கு ஆங்கிலம் சரளமாக வராதே?" வர வேண்டியதில்லை. என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும்? மூன்றே வாக்கியம். பிழைப் பதிவு என்றால் அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரரும் ஃபின்லாந்துக்காரரும் தங்களுக்கு வந்த ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். இடைமுகத்தைத் தமிழாக்கும் வேலைக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் அதிகம் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது.

நண்பர்களே, கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தது 1924இல். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகிறது. 1931இல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்ற நூல் வெளிவருகிறது. வெளியிட்டது யார்? அந்தச் சங்கம்தான்! 1933இல் கோலன் பகுப்பு முறை. உலகம் இன்றும் பாடமாக வைத்திருக்கும் கருத்துகள் இங்கே கூடிய நூலகர்களின் சங்கத்திலிருந்து புறப்பட்டுப் போயின. நூலகம் வளரும் உயிரி என்பது அவருடைய ஐந்தாம் விதி. அந்த நூலகத்தின் உள்ளே ஓடும் மென்பொருளும் வளரத்தானே வேண்டும்? அதை வளர்க்கும் கைகளில் நம் கை இல்லாமல் போகலாமா?

ஆகவே, முதலில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை இதுதான். மேடையில் இருக்க வேண்டியவர் நீங்கள். நாற்காலியில் இருப்பவரும் நீங்கள். வேலையும் உங்களுடையது.

இந்த மாநாட்டை நான் கூட்டத்தின் அளவை வைத்தோ பந்தியின் சுவையை வைத்தோ மதிப்பிட மாட்டேன். இங்கிருந்து எத்தனை பிழைப் பதிவுகள் கிளம்பின, எத்தனை திருத்தங்களுக்குக் கையெழுத்து விழுந்தது, எத்தனை வரிகள் தமிழாயின என்று மட்டும் கேட்பேன். ஒழுங்கமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை பிற்பகல் அமர்வில் இன்னும் இரண்டு உரைகளைச் சேர்க்காதீர்கள். மேசைகளைப் போடுங்கள், இணைப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிரலரும் மூன்று நூலகர்களும் உட்காரட்டும். ஒரு மேசை ஸ்ரீயை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மேசை பெயர்க் கோப்பை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மேசை காத்திருக்கும் திருத்தங்களைச் சோதிக்கட்டும். இளைஞர்கள் கணக்கு திறந்து கொடுங்கள், மூத்தவர்கள் குறையைச் சொல்லுங்கள்.

சான்றிதழை அதன்பிறகு கொடுப்போம், ஒவ்வொரு சான்றிதழிலும் வாங்குகிறவர் பதிந்த பிழையின் எண்ணை எழுதிக் கொடுப்போம். எண் இல்லாதவருக்குச் சாப்பாடு உண்டு, சான்றிதழ் கிடையாது!